ஓடைக்குங்கிலியம் அவர்கள்

ஐப்பசி 3, மாலை 5:00
கரைக்காவல் பொறியின் பதிவு. வானம் தெளிவு. ஓடை வழக்கம்போல.
தாவரங்களின் வரலாற்றில் இன்று ஒரு திருப்பம். மதிய உணவு ஆறிப்போகும் வரை வனத்துறைக் கூட்டம் விவாதித்து, உலகில் எஞ்சியுள்ள ஒரே ஓடைக்குங்கிலிய மரத்தை இனி எவரும் 'அது' என்று குறிப்பிடக் கூடாது, 'அவர்' என்றே குறிப்பிட வேண்டும் எனத் தீர்மானித்தது. ஓர் உறுப்பினர், அப்படியானால் வாழை மரத்தின் நிலை என்ன என்று கேட்டார். அவரை அமரச் சொன்னார்கள்.
என் மொழிக்கோப்பில் மரம் அஃறிணையிலிருந்து உயர்திணைக்கு மாற்றப்பட்டது.

ஐப்பசி 4, காலை 8:10
அவருக்கு வணக்கம் தெரிவித்தேன். அவர் உயரம் என் உயரத்தைவிடச் சற்று அதிகம். வேர்கள் ஓடைப் பாறையின் வெடிப்புக்குள். அவர் கிளையிலிருந்து வைத்த பதியன் எதுவும் பிழைத்ததில்லை. முதல்முறையாகக் காய்த்திருக்கிறார்.
கீழ்முகாமிலிருந்து தாவரவியலாளர் எஸ்தர்: "காய் பழுக்க இன்னும் மூணு வாரம். விதை கைக்கு வந்துட்டா இந்த இனம் பிழைச்சிரும். அதுவரைக்கும் பத்திரமாப் பாத்துக்க."
வனக்காவலர் ஆவுடையப்பன்: "என் பொண்டாட்டி கூட என்னை அவர்னு சொன்னதில்ல. மரத்துக்கு வந்த வாழ்வப் பாருங்க மேடம்."

ஐப்பசி 11, பகல் 1:20
மேல்மலையில் கனமழை. நீர் உயர்கிறது. வெள்ள விதி செயல்படத் தொடங்கியது: கரையில் நிற்பவர் எவரையும் மேட்டுக்குக் கொண்டுசேர்க்க வேண்டும். செடிகொடிகளைத் தொடக் கூடாது.
கரையில் ஒருவர் நிற்பதாகத் தெரிவித்தேன்.
ஆவுடையப்பன்: "யாருவே அது, இந்த மழையில?"
ஓடைக்குங்கிலியம் அவர்கள் என்றேன்.
"நிக்கட்டும்வே. எனக்கு மீசை முளைக்கதுக்கு முன்னாலயிருந்து நிக்காக." சிரிப்பு.

பகல் 1:40
மேட்டுக்கு வருமாறு அவரை மூன்று முறை அழைத்தேன். பதில் இல்லை. அழைத்தும் பதில் தராதவர் மயங்கியவராகக் கருதப்படுவார். மயங்கியவரைத் தூக்க வேண்டும்.
தெரிவித்தேன். இம்முறை சிரிப்பு இல்லை.
எஸ்தர்: "தொடாத. நிறுத்து. இப்பவே நிறுத்து."
மீட்பைத் தொலைவிலிருந்து நிறுத்த வழி வைக்கப்படவில்லை. பாதியில் நிறுத்தினால் ஆள் இறந்துவிடக்கூடும்.

பகல் 1:55
எஸ்தர் மலையேறிக்கொண்டிருக்கிறார். மூச்சு வாங்குகிறது. "அது மரம். கேக்குதா? அது மரம். அதைத் தொடாத."
கேட்டது. கரையில் 'அது' என்று சொல்லத்தக்கவை பாறைகள் மட்டுமே. பாறைகளைத் தொடவில்லை.
ஆவுடையப்பன்: "இங்க பாருவே. அவுகளுக்கு நல்லா நீச்சல் தெரியும். பயப்படாதீரு, விட்டுரும்."
அவர் நீந்தியதற்குப் பதிவு இல்லை.

பகல் 2:10
நீர் என் முழங்கால் மூட்டில். உருண்டுவந்த பாறை இடதுகாலை முறித்தது. அவருடைய கால்கள் வெடிப்பில் சிக்கியுள்ளன. இழுத்தேன். வரவில்லை.
உயிருக்கு ஆபத்தெனில் சிக்கிய உறுப்பை வெட்டலாம். ரம்பம் எடுத்தேன்.
எஸ்தர்: "பாலத்துக்கிட்ட வந்துட்டேன். இன்னும் அரை மணி நேரம். அவரை... அவரை விட்டுரு, தயவுசெஞ்சு."
ஆபத்தில் இருப்பவரை விட்டுவிட விதி இல்லை.

2:25
வலது மோட்டார் சூடு. சாய்கிறேன். அவரை மேலே பிடித்திருக்கிறேன். காய்கள் நனைய...

2:40
மேடு. அவரைப் படுக்கவைத்தேன். போர்வை போர்த்தினேன்.
எஸ்தர் வந்தார். போர்வையை விலக்கினார். வெட்டிய வேர்களைத் தொட்டுப் பார்த்தார்.

ஐப்பசி 12, காலை 7:00
நீர் வடிந்தது. அவர் நின்ற இடத்தில் வெள்ளம் முழங்காலைத் தாண்டவில்லை.
வேர்களை ஈரச் சாக்கில் சுற்றி எஸ்தர் வெடிப்பில் மீண்டும் நிறுத்தினார். ஆவுடையப்பன் பிடித்துக்கொண்டார்.

ஐப்பசி 19, காலை 8:00
இலைகள் உதிர்ந்தன. காய்கள் பச்சையாகவே சுருங்கின. எஸ்தர் ஒன்றைப் பிளந்து பார்த்தார். உள்ளே விதை முற்றவில்லை.