ரோட்டுக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு

இன்று காலை சமையல்கூடத்து வாசலில் வாழை இலைக் கட்டு வந்து இறங்கியது. ஈர இலை வாசனை மூக்கில் ஏறியதும் என்னையறியாமல் எதிரே உன் ஆபீஸ் வாசலைப் பார்த்தேன். புது மானேஜர் போனில் கத்திக்கொண்டிருந்தார். நீ ஒருநாளும் கத்தியதில்லை. பாவம், அவர்மேல் எனக்குக் காரணமில்லாத எரிச்சல்.

மும்பை மாட்டுங்காவில் ஒரே தெருவில் எதிரும் புதிருமாக இரண்டு கேட்டரிங் கம்பெனி. ஒன்றுக்கு நீ மானேஜர், ஒன்றுக்கு நான். தாணே தொழிற்சாலை ஒன்றின் கேண்டீன் காண்டிராக்டுக்கு இருவருமே போட்டியிட்டோம். அது கிடைக்காவிட்டால் சமையல்கூடத்தை மூடிவிடுவதாக எங்கள் முதலாளி சொல்லியிருந்தார். தாராவியிலிருந்து வரும் எங்கள் பெண்கள் அத்தனை பேருக்கும் வேலை போய்விடும். நான் ஃபைலைப் பூட்டினேன், பாஸ்வேர்டை மாற்றினேன், யாரும் மூச்சு விடக்கூடாது என்று மிரட்டினேன்.

மறுநாள் ஸ்டேஷன் பாலத்தில் நீ என்னை நிறுத்தினாய். ஞாயிற்றுக்கிழமை தாணே பார்ட்டி ருசி பார்க்க வருகிறார்கள், சாப்பாட்டில் சப்பாத்தியும் உண்டு என்று ஒப்பித்தாய். எங்கள் ஆட்களில் யார் சொன்னது என்று உன்னோடு சண்டைக்கே வந்துவிட்டேன்.

"ஒருத்தரும் சொல்லலடி. ரோட்டுக்கு இந்தப் பக்கம் நின்னு பார்த்துண்டிருந்தேன், அவ்வளவுதான்."

சப்பாத்தி போடப் புதுப் பெண்கள் வந்தது, லீவு நாளில் இலை கேட்டது, எங்கள் டிரைவர் டீக்கடையில் அந்தத் தொழிற்சாலைக்கு வழி விசாரித்தது. தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, சேர்த்தால் எல்லாம் இருந்தது. போட்டிக்காரியிடம் ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்டேன்.

"ஜெயிச்சா ரேட்ல ஜெயிக்கறேன். உன் டிரைவர் வாயால எனக்கு வேண்டாம். நான் பார்த்ததை இன்னொருத்தன் பார்க்க மாட்டானா?"

ருசி பார்க்கும் நாளை மாற்றினேன், டிரைவருக்கு வழியை நானே சொன்னேன், காண்டிராக்ட் எங்களுக்கு வந்தது. நீ ரோட்டைத் தாண்டி வந்து காபி குடித்து, எங்கள் ரேட் அநியாயம் என்று திட்டிவிட்டுப் போனாய். பிறகு கம்பெனி என்னை ஹோட்டல் ஹாலில் ஒரு வகுப்புக்கு அனுப்பியது. ஆபரேஷன்ஸ் செக்யூரிட்டி என்று பெரிய பெயர். எதைக் காக்க வேண்டும், யாரிடமிருந்து, நம் அன்றாட வேலையில் எது நம்மைக் காட்டிக்கொடுக்கிறது என்று மானேஜர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. அதை நீ பாலத்தில் நின்றபடியே முடித்துவிட்டாய்.

டோம்பிவிலியிலிருந்து ஃபாஸ்ட் டிரெயினில் தாதர்வரை நின்றே வருகிறவள் நீ. ஒருநாள் நான் தாணேயில் ஏறிய ஸ்லோ டிரெயினில் உட்கார்ந்திருந்தாய். அப்புறம், கூட்டம் போகட்டும் என்று படிக்கட்டில் ஒதுங்கி நின்றாய். வியாழன்தோறும் உனக்கு அரை நாள் லீவு. இந்த முறை நான் சேர்த்துப் பார்த்தேன். ஜன்னலோரம் உன் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்றே ஒன்று கேட்டேன்: எந்த ஆஸ்பத்திரி?

நீ வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாய்: "ஆபீஸ்ல தெரிஞ்சா சீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுவா. முடியற வரைக்கும் வேலைக்கு வரணும்டி."

அந்த வாரத்திலிருந்து வியாழக்கிழமைகளில் நானும் உன்னோடு வந்தேன். இரண்டு ஆபீஸ்காரர்களும் நம் லீவைச் சேர்த்துப் பார்த்துவிடக் கூடாதே! ஒரு வாரம் பேங்க், ஒரு வாரம் பல்வலி, ஒரு வாரம் செம்பூரில் சப்ளையர் என்று சொல்லி வைத்தேன். என் பொய்களைக் கேட்டு ஆஸ்பத்திரி வராண்டாவில் நீ சிரித்த சிரிப்புக்கே நர்ஸ் வந்து அதட்டினாள்.

கடைசிவரை உன் ஆபீஸில் யாருக்கும் தெரியவில்லை. உன் நாற்காலியில் நீதான் இருந்தாய். எங்கள் சமையல்கூடத்தைக் காப்பாற்றிக் கொடுத்தவளுக்கு என்னால் காக்க முடிந்தது அந்த நாற்காலி ஒன்றுதான்.

இலைக் கட்டை உள்ளே எடுக்கச் சொல்லிவிட்டு, ரோட்டைத் தாண்டி நீ நின்ற இடத்தில் நின்று எங்கள் வாசலைப் பார்த்தேன். பெரிய வேலை வரும்போதெல்லாம் இப்படித்தான் செய்கிறேன். இன்று எதுவும் வெளியே தெரியவில்லை. இருந்தாலும் இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.