நன்றாகப் படிக்கிற பட்டாணி

அன்பு மனைவிக்கு,

இங்கே நானும் பட்டாணியும் நலமாக இருக்கிறோம். சமையலறை மட்டும்தான் நலமில்லை. நீ கிளம்பும்போது பளபளவென்று விட்டுப்போன பாத்திரங்களில் பாதி என்னைப் பார்த்து முறைக்கின்றன. அங்கே உனக்கு எப்படி? ஆஸ்பத்திரியில் அதே வார்டில்தான் டியூட்டியா, மாற்றிவிட்டார்களா? கால் வலி என்றாயே, வேலை முடிந்ததும் வெந்நீரில் காலை வைக்கிறாயா? அடுத்தவர் காலுக்கெல்லாம் கட்டுப் போடுகிறவள் தன் காலைக் கவனிக்க மாட்டாள் என்று எனக்குத் தெரியும்.

போனில் பேசினால் நான் யார் யார் குரலிலோ பேசிச் சிரிக்க வைத்தே நேரத்தை ஓட்டிவிடுகிறேன், வீட்டு விஷயம் ஒன்றும் தெரிவதில்லை, ஒழுங்காகக் கடிதம் எழுதுங்கள் என்று கண்டித்தாய். இதோ எழுதுகிறேன். கடிதத்தில் மிமிக்ரி செய்ய வழியில்லை. வாயைக் கட்டிப் போட்ட மாதிரி இருக்கிறது.

பெரிய செய்தி, உன் மகள் பட்டாணியின் வகுப்பில் வாசிப்புப் போட்டி ஆரம்பித்திருக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆளுக்கொரு டேப், அதுதான் சிலேட்டு மாதிரி இருக்குமே அந்தச் சின்னக் கம்ப்யூட்டர், கொடுத்து வீட்டுக்கு அனுப்பியிருக்கிறார்கள். அதில் கதை வரும். பிள்ளை சத்தமாகப் படிக்க வேண்டும். மெஷின் காதைத் தீட்டிக்கொண்டு கேட்கும். அது ஒத்துக்கொண்டால் பீப்பீ ஊதி ஒரு நட்சத்திரம் கொடுக்கும், இல்லையென்றால் ஒரு சாம்பல் மேகம் வந்து ‘மீண்டும் படி’ என்று சொல்லும். வகுப்பில் பெரிய திரையில் ஒரு மலை இருக்கிறது. ஒவ்வொரு பிள்ளையும் ஓர் எறும்பு. நட்சத்திரம் சேரச் சேர எறும்பு மேலே ஏறும். முதலில் உச்சிக்குப் போகிற எறும்பு ஆண்டு விழா மேடையில் ஒரு கதை படிக்க வேண்டும். பிள்ளைகள் காலையில் பையைக்கூட இறக்காமல் அந்தத் திரையின் முன்னால்தான் போய் நிற்கிறார்களாம்.

முதல் நாள் சாயங்காலம் நம் ஆள் படிக்கவே மாட்டேன் என்று தலையணைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். “அது என்னையே பாக்குதுப்பா” என்றாள். எவ்வளவோ கெஞ்சினேன். கடைசியில் டேப்பை நானே எடுத்து வைத்துக்கொண்டு, அவளுடைய குரலில் முதல் பக்கத்தைப் படித்தேன். உனக்குத் தெரியுமே, வாக்கியத்தின் நடுவில் மூச்சு வாங்குவாள், கடைசிச் சொல்லைக் கொஞ்சம் இழுப்பாள். அப்படியே. விழுந்து விழுந்து சிரித்தாள். வேடிக்கை என்னவென்றால், மெஷின் அதை நம்பி நட்சத்திரமே கொடுத்துவிட்டது! உன் அண்ணன் மாதிரிப் பேசி உன் அப்பாவையே ஏமாற்றியவன், ஒரு டேப் எம்மாத்திரம்?

அதற்குப் பிறகு அவளே படிக்கிறாள். மெஷின் கொஞ்சம் கண்டிப்பானது, சுலபத்தில் ஒத்துக்கொள்வதில்லை. அவளுடைய எறும்பு மலையடிவாரத்தில் தனியாக நிற்கிறது என்று உதட்டைப் பிதுக்கினாள். அதனால் டேப்பை நம் கண்ணாடிக் கடைக்கு எடுத்துப்போய், ஆள் வராத நேரத்தில் நானும் லேசாகக் கை கொடுத்தேன். இப்போது நடு மலைக்கு வந்துவிட்டாள். இதை அவளிடம் கேட்டுவைக்காதே.

உடம்பைப் பார்த்துக்கொள். நேரத்துக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் ரேடியோ


அன்பு மனைவிக்கு,

உன் கடிதம் வந்தது. கை கொடுத்தேன் என்றால் என்ன அர்த்தம் என்று அடிக்கோடு போட்டுக் கேட்டிருக்கிறாய். பெரிய குற்றம் ஒன்றுமில்லை. மதியத்தில் கடை காலியாக இருக்கும்போது கண்ணாடி பிரேம்களைத் துடைத்துக்கொண்டே அவள் குரலில் இரண்டு கதை படித்துவிடுவேன். மற்ற வீடுகளில் அம்மா, சித்தி, அத்தை என்று பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்க ஆள் இருக்கிறது. இவளுக்கு நான் ஒருத்தன்தானே? நீ இல்லாத குறை அவள் எறும்பில் தெரிய வேண்டாம் என்று நினைத்தேன். இப்போது அது உச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறது. டீச்சரே கூப்பிட்டு, மேடைக்குத் தயாராக இருக்கச் சொல்லியிருக்கிறார்.

அவளும் சும்மா இருக்கவில்லை. தினமும் சாயங்காலம் உட்கார்ந்து படிக்கத்தான் செய்கிறாள். ஆனால் எப்படிப் படித்தாலும் மேகம்தான். கண்ணில்தான் கோளாறு என்று நினைத்துக் கடையில் நாற்காலியில் உட்கார வைத்து, கனமான சோதனைக் கண்ணாடியை மாட்டி, எழுத்துப் பலகையைப் படிக்கச் சொன்னேன். கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்தாள். கண்ணில் குறையில்லை, கவனத்தில்தான் குறை என்று தீர்ப்புச் சொல்லிவிட்டேன். ஒருநாள் கொஞ்சம் சத்தமும் போட்டேன். “மெஷினுக்கே புரியலன்னா மனுஷனுக்கு எப்படிப் புரியும், தெளிவாப் படி” என்றேன். அழவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

முன்பெல்லாம் பஸ்ஸில் போனால் கடைப் பெயர், சுவர் விளம்பரம் எல்லாவற்றையும் கத்திப் படித்து மானத்தை வாங்குவாளே, இப்போது அந்தத் தொல்லை இல்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து பேசாமல் வருகிறாள். பெரிய பெண் ஆகிக்கொண்டு வருகிறாள் போலிருக்கிறது.

போன வாரம் போனில் அவள் குரல் ஏதோ மாதிரி இருக்கிறதே என்றாய். சளிதான். கவலைப்படாதே.

இப்படிக்கு,
உன் ரேடியோ


அன்பு மனைவிக்கு,

இந்தக் கடிதத்தை உட்கார்ந்து படி. பயப்படாதே, யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் நீ பேசும்போதெல்லாம் அவள் என் தோளில் தொங்கிக்கொண்டிருக்கிறாள். அவள் காதுபட இதைச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை.

அது சளி இல்லை.

சனிக்கிழமை பள்ளி இல்லாததால் அவளைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தேன். நான் பின்னறையில் ஒரு பெரியவருக்கு லென்ஸ் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவள் முன்னால் சோதனை நாற்காலியில் டேப்போடு உட்கார்ந்திருந்தாள். லென்ஸ் தேய்க்கிற மெஷினை நிறுத்தியதும் ஒரு குரல் கேட்டது. யாரோ கதை படிக்கிறார்கள். மெல்லிசாக, சர்க்கரை தடவின மாதிரி, நடுவில் அழகாக ஒரு மூச்சு, கடைசிச் சொல்லில் ஓர் இழுப்பு. அது என் குரல்! நான் மதியத்தில் படித்ததைத்தான் போட்டுக் கேட்கிறாள் என்று நினைத்தேன். எட்டிப் பார்த்தால் அவள் வாய் அசைகிறது. பீப்பீ ஊதி நட்சத்திரம் வந்தது.

எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அதை உன்னிடம் மறைக்க மாட்டேன். அப்பாவுக்குத் தப்பாமல் பிறந்திருக்கிறாள் என்று பெருமையாகக்கூட இருந்தது. எதற்கு இப்படிப் படிக்கிறாய் என்று கேட்டேன். அவள் ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்: “நான் படிச்சா அது ஒத்துக்கலப்பா. நீ என்னை மாதிரி படிக்கிறல்ல, அந்த மாதிரி படிச்சா ஒத்துக்குது. அதுதான் நல்லாப் படிக்கிற பட்டாணி.”

நான் படித்ததையெல்லாம் அந்த டேப் சேர்த்து வைத்திருக்கிறது. அதைப் போட்டுக் கேட்டுக் கேட்டு, குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, குழாயைத் திறந்துவிட்டுப் பழகியிருக்கிறாள். தண்ணீரை வீணாக்குகிறாள் என்று அதற்கும் நான் வெளியிலிருந்து கத்தியிருக்கிறேன்.

சரி, உன் குரலிலேயே ஒரு பக்கம் படித்துக் காட்டு என்றேன். வாயைத் திறந்தாள். மூடினாள். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து, “எதுப்பா என் குரல்?” என்று கேட்டாள். விளையாட்டுக்குக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பெரியவர் கண்ணாடிக்காகக் காத்திருந்தார். நான் பின்னறைக்குப் போய், கையில் லென்ஸை வைத்துக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை காலையில் கடையைத் திறக்காமல் பள்ளிக்குப் போனேன். முதல் நாளிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் டீச்சரிடம் சொன்னேன். அப்போதுதான் விஷயமே விளங்கியது. வேறு யாரும் பிள்ளைக்குப் பதிலாகப் படிக்கக் கூடாது என்பதற்காக, முதல் பக்கத்தைப் படிக்கிற குரலைத்தான் அந்த மெஷின் பிள்ளையின் குரல் என்று பிடித்து வைத்துக்கொள்ளுமாம். அதற்குப் பிறகு வேறு குரல் கேட்டால் மேகம். இதைப் பெற்றோர் கூட்டத்தில் டீச்சர் தெளிவாகச் சொல்லியிருக்கிறார். நான் அன்றைக்கு வராந்தாவில் நின்று லென்ஸ் அனுப்புகிறவனோடு போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன்.

புரிகிறதா உனக்கு? அவள் ஒரு நாளும் தப்பாகப் படிக்கவில்லை. முதல் நாளிலிருந்தே சரியாகத்தான் படித்திருக்கிறாள். ஒவ்வொரு சாயங்காலமும் அந்தக் குட்டி விரலை வரியின் மேல் வைத்து நகர்த்தி நகர்த்தி, கஷ்டமான சொல் வந்தால் நின்று, திரும்பிப் போய், விடாமல் படித்திருக்கிறாள். அந்த மெஷின் இது நீ இல்லை, நீ இல்லை என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து நானும் அதையேதான் சொல்லியிருக்கிறேன். மெஷினுக்காவது சொந்தக் காது இல்லை, இரவல் காது. எனக்கு என்ன கேடு? பெற்ற மகள் படிக்கிறாள், எனக்கு அது காதில் விழவில்லை. நட்சத்திரம் வருகிறதா என்று திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

டீச்சர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். போன வாரம் வகுப்பில் அவள் அந்தக் குரலில் படித்தபோது, “இப்பதான் நல்லாப் படிக்கிற” என்று எல்லோரையும் கைதட்டச் சொன்னேனே என்று வருத்தப்பட்டார். பழையதை அழித்துவிட்டு அவளுடைய குரலைப் புதிதாகப் பதிந்துகொள்ள ஏற்பாடு செய்கிறேன் என்றார். எறும்பு அடிவாரத்துக்கு வந்துவிடும். மேடையில் வேறு பிள்ளை படிக்கும். “மெஷின நான் சரி பண்ணிடுவேன். அவகிட்ட நீங்கதான் சொல்லணும்” என்றார்.

அதுதான் என்னால் முடியவில்லை. நேற்றும் முந்தாநாளும் சொல்ல உட்கார்ந்தேன். முதல் வாக்கியத்திலேயே என் குரல் மாறிவிடுகிறது. ஒருமுறை உன் அண்ணன் மாதிரி, ஒருமுறை கடைக்கு வருகிற பெரியவர் மாதிரி. அவளும் சிரிக்கிறாள், நானும் சிரிக்கிறேன், சொல்ல வந்தது அப்படியே போய்விடுகிறது. ஊரில் இருக்கிற அத்தனை பேர் மாதிரியும் பேசத் தெரிந்தவனுக்கு மகளிடம் மன்னிப்புக் கேட்க ஒரு குரல் இல்லை. வெட்கமாக இருக்கிறது.

நீயே போனில் சொல்லிவிடேன் என்று கேட்கத்தான் இந்தக் கடிதத்தை ஆரம்பித்தேன். எழுத எழுத, அதுவும் அதே வேலைதான் என்று தெரிகிறது. அவளுக்காக நான் படித்தேன், எனக்காக நீ பேசுவதா? வேண்டாம். இன்றைக்குக் கடையைச் சீக்கிரம் சாத்திவிட்டு, பள்ளி விட்டு வரும் வழியிலேயே அவளிடம் சொல்லப் போகிறேன். ‘நீ சரியாகத்தான் படித்தாய், அப்பாதான் தப்பு’ என்று, வேறு எதுவும் சேர்க்காமல். சொன்ன பிறகுதான் இதைத் தபாலில் போடுவேன். அதனால் இது உன் கைக்கு வரும்போது அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்கும்.

உனக்குப் போன் செய்வாள். என் மேல் கோபமாக இருப்பாள், அழுவாள், மேடை போய்விட்டதே என்று கத்துவாள். அப்பா பாவம் என்று மட்டும் சொல்லிவிடாதே. எனக்காகப் பரிந்து ஒரு வார்த்தை பேசாதே. நீ தூரத்தில் இருக்கிறாய் என்பதால்தான் இப்படி ஆனது என்றும் நினைத்துக்கொள்ளாதே. போன கடிதத்தில் அந்தப் பழியையும் நைசாக உன் தலையில் வைத்தேன், அதற்கும் மன்னித்துவிடு.

ஒரே ஓர் உதவி செய். ஏதாவது படித்துக் காட்டு என்று அவளைக் கேள். மருந்துப் பெட்டியில் இருப்பதோ, சோப்பு உறையில் இருப்பதோ, எதுவானாலும் சரி. முதலில் அந்தச் சர்க்கரைக் குரலில்தான் ஆரம்பிப்பாள். திருத்தாதே. பாராட்டாதே. நடுவில் எங்காவது தடுக்குவாள். தடுக்கின பிறகு வருவதுதான் அவளுடைய குரல், அதை நான் கேட்டு ரொம்ப நாளாயிற்று. எவ்வளவு நேரம் ஆனாலும் போனை வைத்துவிடாமல், அவள் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிரு.

இப்படிக்கு,
அவளுடைய அப்பா