உங்களுக்கு முன்னால் வந்துசேரும் சத்தம்

என்னங்க,

கல்லறையில் படுத்திருக்கிற மனுஷனுக்கு யாராவது கடிதம் எழுதுவார்களா என்று கேட்காதீர்கள். உயிரோடு இருந்தபோது நான் சொன்னதில் பாதியைத்தான் காதில் வாங்கினீர்கள். இப்போது எழுந்து போக வழியில்லை, முழுசாகக் கேளுங்கள். மாதா கோயில் மலரில் போட உங்களைப் பற்றி நாலு வரி எழுதித் தரச் சொன்னார் சாமியார். நாலு வரியில் அடங்குகிற ஆளா நீங்கள்?

முதலில் சேதி. நம் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றிப் போட்டிருந்த முள்கம்பி வேலியைச் சுருட்டிக்கொண்டிருக்கிறார்கள். கோலா சிலாங்கூர் பக்கம் இனி ஊரடங்கு கிடையாதாம். நேற்று ஆறு மணிக்கு மேல் பெண்களெல்லாம் வாய்க்கால் கரையில் காலாற நடந்தோம். கேட்டைத் தாண்டும்போது அடையாளக் கார்டு இருக்கிறதா என்று என் கை தானாக மடியைத் தடவியது. அத்தனை வருஷப் பழக்கம் ஒரே நாளில் விட்டுப்போகுமா?

அந்தக் கேட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரி டிரெசர் என்று பெயர்தான் பெரிசு. நாலு டிவிஷனுக்கும் மருந்துப் பெட்டியைக் கட்டிக்கொண்டு சைக்கிளில் மிதித்தீர்கள். தொரை புது மோட்டார் சைக்கிள் கொடுத்த அன்று உங்கள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! என்னை வாசலுக்கு இழுத்துவந்து, "கேளு புஷ்பம், சத்தமே இல்ல. பூன மாரி போவுது" என்று பூரித்துப்போனீர்கள். அந்தப் பூனைதான் மூன்றாம் மாசம் என் தாலிக்கே குறி வைத்தது.

அன்று கடைசி டிவிஷனில் ஒரு பிரசவம். நீங்கள் திரும்பும்போது ஊரடங்கு ஆரம்பித்து அரை மணி ஆகியிருந்தது. அந்தி மசங்கல், சடசடவென்று மழை. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டு ஆட்கள் கண்ணில் படக்கூடாது என்று முன்விளக்கைத் துணியால் பாதி மூடியிருந்தீர்கள். கேட்டில் காவலுக்கு நின்றது என் கூடப்பிறந்த தம்பி செபஸ்தி. ரப்பர் பால் வெட்டிக்கொண்டிருந்தவனைக் கூப்பிட்டு, தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்து ஸ்பெஷல் கான்ஸ்டபிள் ஆக்கி நாலு மாசம்கூட ஆகவில்லை. முந்தின வாரம்தான் பக்கத்துத் தோட்டத்தில் ஒரு காவலாளியைச் சுட்டுப் போட்டிருந்தார்கள். மழைக்குள்ளிருந்து ஏதோ ஒன்று சத்தமில்லாமல் வருகிறது. "யாரது?" என்று கத்தியிருக்கிறான். உங்களுக்குக் கேட்கவில்லை. சுட்டுவிட்டான்.

குண்டு முன்விளக்கை நொறுக்கிக்கொண்டு போனது. ஒரு சாண் மேலே வந்திருந்தால்?

போலீஸ் சார்ஜன் ஓடிவந்தார். நீங்கள் சேற்றிலிருந்து எழுந்து, "காட்டுப் பன்னி குறுக்க ஓடுச்சு சார்ஜன். தம்பி அதத்தான் சுட்டான். நான் பயந்து விழுந்து வெளக்க ஒடச்சிக்கிட்டேன்" என்று மலாய் பாஷையில் ஒப்பித்தீர்கள். அடேயப்பா, ஞாயிறு பூசையில் தவறாமல் நன்மை வாங்குகிற வாயில் எவ்வளவு பெரிய பொய்!

நீங்கள் மன்னித்தீர்கள். எனக்கு அந்த மனசு இல்லை. மறுநாள் வாசலில் வந்து "அக்கா" என்று நின்றவனை, "எம் புருசன சுட்ட கை இந்த வாசப்படியத் தொடக்கூடாது, போயிரு" என்று விரட்டினேன். அதோடு பேச்சு வார்த்தை நின்றது. அவன் கல்யாணத்துக்குக்கூட நீங்கள் ஒற்றையாளாகத்தான் போய் வந்தீர்கள்.

அதற்குப் பிறகு ஒரு நாள் பார்த்தால், ரப்பர் பேக்டரி பிட்டர் நாராயணன் அண்ணனோடு உட்கார்ந்து, புது வண்டியின் சைலன்சரைக் கழற்றிக்கொண்டிருக்கிறீர்கள். கேட்டதற்கு, "இதுக்குக் கொரல் பத்தல" என்றீர்கள். சத்தத்தை அடக்குவதற்காக உள்ளே வைத்திருந்த ஓட்டைத் தட்டுகளையெல்லாம் உருவி எறிந்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வண்டியைக் கிளப்பினீர்கள். என்னங்க, அதை மறக்க முடியுமா? கேட்டுப் பக்கம் வந்து வேகத்தைக் குறைத்தீர்களோ இல்லையோ, டுமீல் டுமீல் என்று வெடித்தது. லயம் முழுக்கத் தரையில் குப்புறப் படுத்துவிட்டது. நான் அகப்பையும் கையுமாகக் கட்டிலுக்கு அடியில். காவலுக்கு நின்ற இரண்டு பேர் ரப்பர் மரங்களைப் பார்த்துப் பதிலுக்குச் சுட்டே விட்டார்கள். நல்லவேளை, செத்தது ஒரு பால் வாளிதான்.

தொரை கூப்பிட்டு, பழையபடி மாட்டு என்று சத்தம் போட்டார். கெஞ்சிக் கூத்தாடி ஒரு வாரம் தவணை வாங்கி வந்தீர்கள்.

நாராயணன் அண்ணன்தான் கண்டுபிடித்தார். "டிரெசரே, ஜாயிண்ட்டு வழியா காத்து உள்ள போவுது. அதான் கைப்புடி முறுக்கத் தளத்துனா வெடிக்குது." பேக்டரி பாய்லர் குழாயில் சுற்றுகிற கல்நார்க் கயிற்றை எடுத்து ஜாயிண்ட்டை அடைத்தார். உருவிப் போட்ட தட்டுகளில் ஒன்றை மட்டும் திரும்ப உள்ளே வைத்தார். வால் பக்கத்தில் ஒரு முழக் குழாயைப் பற்றவைத்தார். குழாய் நீண்டால் சத்தம் கனக்கிறது, குறைந்தால் கூராகிறது. தினமும் ஒரு விரற்கடை வெட்டுவது, பாலத்திலிருந்து கேட்டு வரைக்கும் ஓட்டிப் பார்ப்பது, மறுபடி வெட்டுவது. சாயங்காலம் நாலு மணியானால் இதே கூத்து. ரோடு கண்ணுக்குத் தெரியாத குழாயடியில் நான் துணி துவைத்துக்கொண்டே, "இந்த மனுசனுக்குப் புத்தி பெசகிப் போச்சுடி" என்று பக்கத்து வீட்டு அந்தோணியம்மாளிடம் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஏழாவது நாள் அந்தச் சத்தம் வந்தது.

எப்படிச் சொல்வேன்? அதில் வெடிப்பு இல்லை, கிறீச்சல் இல்லை. உரலில் உலக்கை விழுகிற மாதிரி ஒவ்வொன்றாக, அவசரமில்லாமல், கனமாக விழுந்தது. நம்முடையது சமதரை அல்லவா, வாய்க்கால் தண்ணீர் மேலேயே அது நடந்து வந்தது. வண்டி பாலத்தில் இருக்கும்போதே என் காலுக்கடியில் சிமெண்டுத் தரை லேசாக அதிர்ந்தது. துவைத்த சட்டையைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றேன். உடம்பெல்லாம் சிலிர்த்தது. இரும்புக்கும் புகைக்கும் நடுவிலிருந்து இப்படியும் ஒரு குரலை எடுக்க முடியுமா சாமி என்று வாய்விட்டுச் சொன்னேன்.

ஆனாலும் வீட்டுக்கு வந்ததும் சண்டை பிடித்தேன். "ஊருக்கே தண்டோரா போட்டுக்கிட்டுப் போறீங்களே, காட்டுல இருக்கறவனுக்குக் காது இல்லையா?"

"அவனுக்கும் கேக்கட்டும்லா. டிரெசர் வர்றான்னு எல்லாருக்கும் தெரியட்டும். ஒளிஞ்சு போறவனத்தான் ரெண்டு பக்கமும் சுடுவாங்க" என்று சொல்லிவிட்டு, எதுவும் நடக்காதது போல ரசம் ஊற்றச் சொன்னீர்கள்.

உங்கள் தைரியத்தை அன்றைக்குத் திமிர் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அஞ்சு வருஷம். மழையோ மசங்கலோ, சத்தம் உங்களுக்கு முன்னால் வந்துசேர்ந்துவிடும். நீங்கள் கண்ணில் படுவதற்குள் கேட்டு திறந்திருக்கும், நான் அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பேன். கடைசி டிவிஷனில் இடுப்பு வலியில் துடித்த பெண்கள், சத்தம் பாலத்தில் கேட்டதுமே பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கினார்களாம். ஒரு தோட்டா, ஒரே ஒரு தோட்டா உங்கள் பக்கம் வரவில்லை. கடைசியில் காய்ச்சல்தான் கொண்டுபோனது. கட்டிலில், என் மடியில்தான் போனீர்கள். எத்தனை வீட்டுக்கு அந்தக் கொடுப்பினை இருந்தது?

இப்போது நேற்றைய கதைக்கு வருகிறேன்.

செபஸ்தி வந்தான். துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டு நேரே நம் வாசலுக்கு. படி ஏறவில்லை, கீழேயே நின்றான். மனைவிக்கு இது நிறைமாசம் என்றான். நான் முறத்தில் கண்ணை வைத்துக்கொண்டு அரிசி புடைத்தேன்.

"அக்கா, ஒரு விசயம். ஒன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு மச்சான் சத்தியம் வாங்கியிருந்தாரு. நான் துப்பாக்கி புடிக்கிற வரைக்கும் சொல்லக்கூடாதுன்னு. இப்ப சொல்லலாம்."

அவன் சொல்லிக்கொண்டே போனான்.

"அன்னிக்குச் சுட்ட பொறவு, எந்த வண்டி வந்தாலும் எனக்குக் கை ஆடும். வெரலு தானா விசையில போயி நிக்கும். வேலைய விட்டுர்றேன்னு மச்சான்கிட்ட அழுதேன். 'நீ வுட்டா, ஒன்ன மாரி பயந்தவன் இன்னொருத்தன் வந்து நிப்பான். அவன் என்னய சுட மாட்டானா?'ன்னாரு. அப்பறந்தான் இந்த சைலன்சர் வேல. கேட்டுக்குப் பின்னால ஸ்டோர்ல என்ன உக்கார வச்சு, கண்ண மூடுறான்னாரு. நாராயணண்ணன் பாலத்துலேர்ந்து வண்டிய ஓட்டிட்டு வருவாரு. மச்சான் என் மணிக்கட்டப் புடிச்சு நாடி பாப்பாரு. வண்டி கிட்ட வர வர என் நாடி தறிகெட்டு ஓடும். 'இது இல்ல, இன்னும் வெட்டு'ம்பாரு. ஏழாவது நாளு வண்டி கேட்டுகிட்டயே வந்து நின்னுருச்சிக்கா. மச்சான் என் கைய வுடல. 'டேய், ஒன் நாடி மாறவே இல்லடா'ன்னு சொல்லி அழுதாரு."

முறம் என் கையிலிருந்து சரிந்தது. அரிசி முழுக்கத் தரையில்.

என்னங்க, அந்த ஏழு நாளும் வண்டியில் இருப்பது நீங்கள் என்று நினைத்து நான் குழாயடியில் நின்று திட்டிக்கொண்டிருந்தேனே! ஒரு சைலன்சரை ஒருத்தன் மணிக்கட்டில் வைத்துச் சரிபார்த்த ஆள் இந்த உலகத்தில் வேறு யாராவது உண்டா? தன்னைச் சுட்டவனுக்கு மருந்து தயாரித்திருக்கிறீர்கள். நான் அதைக் காதால் கேட்டும், என்னவென்று தெரியாமலே அஞ்சு வருஷம் வாழ்ந்திருக்கிறேன். எவ்வளவு பெரிய மனுஷனோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்! ஏன் என்னிடம் சொல்லவில்லை? சொல்லியிருந்தால் அப்போதே மன்னித்திருப்பேனா? தெரியவில்லை.

எழுந்து படி இறங்கிப் போனேன். அவன் கையைப் பிடித்தேன். எனக்கு நாடி பார்க்கவெல்லாம் தெரியாது. சும்மா பிடித்துக்கொண்டு நின்றேன். "உள்ள வாடா" என்றேன். இதையெல்லாம் மலரில் எழுதட்டுமா என்று கேட்டதற்கு, "எழுதுக்கா, எல்லாருக்கும் தெரியட்டும்" என்றான்.

நாளைக் காலையில் துணிமணியைக் கட்டிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போகிறேன். பிரசவம் ஆகும் வரை அங்கேதான் இருப்பேன். பிள்ளையை முதலில் வாங்கிக்கொள்வது என் கைதான், அதன் காதில் முதலில் சொல்வது உங்கள் பெயர்தான். இது உங்கள்மேல் ஆணை.

செபஸ்தியின் அக்கா,
உங்கள் வீட்டுக்காரி
மரியபுஷ்பம்