அன்னம் வேண்டாம் என்றவள்

பிப்ரவரி 4, செவ்வாய்

சௌந்தர்யாவின் தலையில் வைக்கும் கல்யாணச் சடையை இன்று செய்து முடித்தேன். உச்சியில் ஐந்து தலை நாகம், கீழே கெம்புக்கல், நுனியில் குஞ்சலம். முதலில் அவளுக்கு அன்னச் சடையைத்தான் காட்டினேன். ஓர் அன்னத்தின் அலகு கோணலாகிப்போனதால் விற்காமல், மணப்பெண் அலங்காரம் செய்யும் பிரபாவின் பார்லரில் மாதிரிக்குக் கிடக்கிறதே, அது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நாகம்தான் வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றாள். நின்றதும் நல்லதுதான். இவ்வளவு அழகாக நான் எதையும் செய்ததில்லை.

பிப்ரவரி 12

மேச்சேரியிலிருந்து அவள் அம்மா போன். "எம்புள்ளைக்கு நாகதோசமுங்க. அதையே தலைக்குச் செஞ்சு அனுப்பிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?"

வந்திருந்த மாப்பிள்ளை வீட்டார் முன்னாலேயே சௌந்தர்யா சடைப் பெட்டியைப் பிரித்தாளாம். சகுனம் சரியில்லை என்று எழுந்து போய்விட்டார்கள். கல்யாணம் நின்றுவிட்டது.

சடைக்கு முடி அளவு கேட்பேன். ஜாதகமா கேட்பேன்?

ஆனால் அவளுக்குத் தெரியுமே. தெரிந்துமா நாகம் கேட்டாள்?

பிப்ரவரி 13

சௌந்தர்யாவே கூப்பிட்டாள். "அந்தாளு வேண்டாமுன்னா அடிக்கறாங்கக்கா. அதான் இப்படிப் பண்ணுனேன். நாந்தான் கேட்டேன்னு சொல்லிராதீங்க. அப்பா உசுரோட உட மாட்டாருங்க."

சரி என்றேன்.

பிப்ரவரி 21

பாம்பென்றால் படையும் நடுங்கும், பிரபா எம்மாத்திரம். தன் பார்லருக்கு வரும் மணப்பெண்களை அவள்தான் எனக்கு அனுப்புவாள். இனி முடியாதாம். சூரமங்கலம் முழுக்க எனக்குப் பாம்புச் சடைக்காரி என்று பேராகிவிட்டதாம். ஒரு வார்த்தை சொன்னால் என் பேர் தப்பும். அந்தப் பெண்? — வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டேன்.

மார்ச் 9

ஒருத்தரும் கூப்பிடவில்லை.

ஏப்ரல் 2

ரெடிமேட் கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். வருகிறவர்கள் கலைத்துப் போடும் சுடிதார்களை மடித்து மடித்து அடுக்க வேண்டும். சடைக்குக் கம்பி வளைத்த கை. அழுகைகூட வரமாட்டேன் என்கிறது. எதற்கு வாயை மூடிக்கொண்டாய் என்று தினமும் என்னையே கேட்கிறேன். அவளாவது தப்பித்தாளே. அது ஒன்றுதான் மிச்சம்.

ஜூன் 6

பிரபா ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். பரிகாரம் செய்து, அதே மாப்பிள்ளைக்கே கட்டிவைத்துவிட்டார்கள். தாலி ஏறுகிறது. சௌந்தர்யா குனிந்திருக்கிறாள், முகம் தெரியவில்லை. சடை தெரிகிறது.

அன்னம். ஒன்றின் அலகு கோணல்.

அவசரத்துக்கு அதைத்தான் வைத்துவிட்டேன் என்று பிரபா எழுதியிருக்கிறாள். "யாரு செஞ்சதுன்னு சொல்லல சரிதா, பயப்படாத."

நானும்தான் யாரிடமும் சொல்லவில்லை.