நாகத்துக்குப் போட்டாச்சா

பெப்ரவரி 7, 2023
ஆஸ்பத்திரியில் என் வீட்டுக்காரருக்கு இன்றும் அந்த வெள்ளைப் பைதான். குடல் முறுக்கி அழுகி, பாதிக்குமேல் வெட்டிய பிறகு வாயால் சாப்பாடு இல்லை. கழுத்து நரம்பில் ஏறுகிற பால்போன்ற அந்தத் தண்ணிதான் சோறும் கறியும். மிச்சக் குடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே எடுத்து வைத்திருக்கிறார்கள். அது ஓயாமல் ஒழுகுகிறது. வெட்டிய புண் ஆறவில்லை. இப்போது முகத்தில், வாயைச் சுற்றிச் சிவந்து செதிலாக உரிகிறது.

தோட்டத்து வரிசை வீடுகளெல்லாம், லயமே கூடித் தீர்ப்புச் சொல்லிவிட்டது. அவருடைய அம்மா, காளியாயி மாமி, அம்மை போட்டிருக்கு என்று வேப்பிலைக் கொத்தைக் கொண்டுபோய்க் கட்டில் காலில் கட்டினார். பக்கத்துக் காம்பரா நல்லமுத்து, மருமகள் வந்த நேரம் என்றாராம். இந்த மேதைகளுக்கு நடுவில்தான் என் குழந்தை சுலக்ஷனா வளரவேண்டும்.

பெப்ரவரி 9
படித்த டொக்டர் மட்டும் என்ன? பங்கஸ் என்று கிரீம் எழுதினார், முகத்தைப் பாராமல். முடி கொட்டுகிறதே என்றேன் சிங்களத்தில். கவலையில் கொட்டுமாம். கவலை எனக்கு, கொட்டுவது அவருக்கா?

பெப்ரவரி 10
தலையணை முழுக்க முடி. செத்துப்போயிருவாரோ — இதை ஏன் எழுதினேன்?

பெப்ரவரி 13
பஸ் றொசல்ல தாண்டும்போது மலையில் மருந்து டாங்கியை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைக்குச் சிங்க் அடித்துக்கொண்டிருந்தார்கள். இலை சிறுத்து வெளிறினால் அடிப்பது. சிங்க் — பள்ளிக்கூடப் புத்தகத்தில் நாகம். நானே கரும்பலகையில் எழுதிப் படிப்பிக்கிற நாகம்! இலைக்கே இப்படியென்றால் அவர் தோலுக்கு? அதே நினைப்போடு வார்டுக்குப் போய், பையில் சிங்க் இருக்கிறதா என்று கேட்டேன்.

டொக்டர் கட்டில் அட்டையைப் புரட்டினார். பிறகு இழுத்து இழுத்துச் சொன்னார். பையில் சீனி, புரதம், கொழுப்பு, உப்புகள் உண்டு. நாகம், செப்பு, செலனியம் மாதிரித் துளியளவே தேவையான சுவட்டு மூலகங்கள் தனிக் குப்பியில் வரும், தினமும் சேர்க்கவேண்டும். ஸ்டொக் இல்லை. கொஞ்ச நாளைக்குப் பரவாயில்லை என்று விட்டுவிட்டார்களாம். ஒழுகுகிற குடல்வழியே நாகம் கூடுதலாகப் போகும் என்பதும் தெரியுமாம். தெரிஞ்சுகிட்டே!

தேயிலைக்கு வஞ்சகமில்லாமல் அடிக்கிறார்கள். மனுசனுக்குத்தான் ஸ்டொக் இல்லை. த்தூ.

பெப்ரவரி 15
டொக்டருக்கு ரோசம் வந்திருக்கவேண்டும். வேறோர் ஆஸ்பத்திரியிலிருந்து குப்பிகளை எடுப்பித்துவிட்டார். நேற்றிலிருந்து ஏறுகிறது.

ஆனால் நான் வீட்டில் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கவேண்டும். "நாகம் கொறஞ்சிருச்சு மாமி, அதான் இவ்வளவும். இப்ப அதுக்கு தெனமும் மருந்து போடுறாங்க" என்றேன். மாமி கையெடுத்துக் கும்பிட்டார். விடிந்ததும் லயத்துக்குக் கீழே இருக்கிற பாம்புப் புற்றில் முட்டையும் பாலும். சுலக்ஷனாவுக்கு வைத்திருந்த பால்! "படிச்ச புள்ளையே சொல்லிருச்சு, நாகக் குத்தம்னு" என்று எல்லாக் காம்பராவிலும் சொல்லியாயிற்று. கல்வியியற் கல்லூரிக்குப் போய் நான் படித்தது இதற்குத்தான்.

பெப்ரவரி 20
செதில் உதிர்ந்து, அடியில் நல்ல தோல். இன்று ஒரு மிடறு தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார்கள். இதற்கு முன் வாய் நனைக்கக் கொடுத்ததெல்லாம் அவருக்கு ருசி தெரியாமல் மண்ணாகத்தான் இருந்தது. இன்று முகத்தைச் சுளித்தார். "என்னடி இவ்வளவு சாயம், கசக்குது."

படிக்கட்டில் நின்று அழுதேன்.

புற்றில் வைத்த முட்டையைக் காணோமாம், நாகம் ஏற்றுக்கொண்டதாம். கீரி தின்றிருக்கும்.

பெப்ரவரி 25
வார்டில் நர்ஸ் ஜிப்ரியா மிஸ் என்னைக் கூப்பிட்டார். நேற்று நான் போகவில்லை, மாமிதான் போனார். வீட்டில் என்னிடம் தினமும் கேட்பதுபோல, "நாகத்துக்கு போட்டாச்சா மிஸ்?" என்றிருக்கிறார். ஜிப்ரியா மிஸ் தமிழில் விஞ்ஞானம் படித்தவர், அவருக்கு நாகம் என்றால் சிங்க். போட்டாச்சும்மா என்று சொல்லப்போனவர், எதற்கும் என்று போய்ப் பார்த்தாராம். பை ஓடிக்கொண்டிருந்தது. குப்பி உடைக்காமல் மேசையில் இருந்தது. பை மாற்றியவர்கள் மறந்துவிட்டார்கள்.

"உங்க மாமிக்கு நல்ல வெளக்கம். நாங்க மறந்தாலும் அவங்க விடமாட்டாங்க."

வெளக்கமாம்! சொல்ல வாயைத் திறந்தேன். பிறகு, ஆமா மிஸ் என்றேன்.

பெப்ரவரி 26
புண்ணின் ஓரங்கள் சேரத் தொடங்கியிருக்கின்றன. சுலக்ஷனாவுக்குக் காய்ச்சல், நாளைக்கு நான் போகமுடியாது. மாமி, புற்றுக்கு ஊற்றிவிட்டுத்தான் பஸ் ஏறுவேன் என்கிறார். பாலை நானே காய்ச்சி ஆறவைத்திருக்கிறேன்.

"ஊத்துங்க. ஆனா வார்டுக்கு போனதும் மறக்காம நாகத்த கேளுங்க மாமி" என்றேன்.