நல்ல நேரத்தில் ஏற்றிய மென்பொருள்

அண்ணாச்சி,

இன்று காலை கடையில் நம் பழைய ரூட்டரைத் துடைக்க எடுத்தேன். அதன் மூடியில் நீங்கள் வைத்த குங்குமப் பொட்டு அப்படியே இருக்கிறது. நகத்தால் சுரண்டியும் வரவில்லை. நீங்கள் போய்ச் சேர்ந்து எட்டு மாதம் ஆகிறது. என் ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

அருப்புக்கோட்டையில் இருந்துகொண்டு சுற்றுப்பட்டிக்கெல்லாம் நாம் கூட்டாக இன்டர்நெட் கொடுத்தோம். முதலீடு உங்களுடையது, கம்பி இழுப்பதும் ரூட்டரைப் பார்ப்பதும் என் வேலை. அந்தப் புதன்கிழமை, ரூட்டருக்குப் புது மென்பொருள் ஏற்றியே ஆகவேண்டும் என்று நின்றீர்கள். இன்று வேண்டாம், பயிர்க் காப்பீட்டுக்குக் கடைசி நாள், நம் இணைப்பில் ஓடும் எம்.ரெட்டியபட்டி சேவை மையத்தில் வெள்ளாமை பார்க்கும் சம்சாரிகள் சிட்டாவும் கையுமாக நிற்கிறார்கள் என்றேன். இந்த மாதத்தில் இதைவிட நல்ல நாள் இல்லை என்றீர்கள். கடை திறக்க நாள் பார்ப்பார்கள், லாரி வாங்க நாள் பார்ப்பார்கள். ரூட்டருக்கு நாள் பார்த்த ஆள் நீங்கள் ஒருவர்தான்.

அப்போதும் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். எந்த வீட்டுக்கு எந்த இணைப்பு என்ற விவரமெல்லாம் அதற்குள்தான் இருக்கிறது, முதலில் ஒரு நகல் எடுத்துக்கொள்கிறேன், பத்து நிமிஷம் போதும் என்றேன். நீங்கள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தீர்கள்.

"பன்னெண்டுக்கு ராகு காலம் வந்துரும்லே. நகலும் வேணாம் ஒண்ணும் வேணாம், தள்ளு."

என்னைத் தள்ளிவிட்டு நீங்களே ஏற்றினீர்கள். ரூட்டர் அணைந்து மறுபடி எரிந்தது. புது மென்பொருள் வந்திருந்தது, உள்ளே இருந்த விவரம் ஒன்றுகூட இல்லை. ஒவ்வொன்றாக நான் திரும்ப அடித்து முடிக்க மறுநாள் மத்தியானம் ஆனது. காப்பீட்டுப் பதிவு முந்தின நாளோடு முடிந்துபோயிற்று.

சம்சாரிகள் கடைக்கே வந்து கேட்டார்கள். நான் பக்கத்தில் நிற்கும்போதே சொன்னீர்கள்:

"இவந்தான் கை வச்சான். படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கல."

வயதில் பெரியவர் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். என் முட்டாள்தனம் அது.

அந்த வருஷம் மழை பொய்த்தது. பருத்தியும் மக்காச்சோளமும் கருகின. காப்பீடு இல்லாதவர்கள் என் குடும்பத்தையே சபித்தார்கள். ஒருவரிடமாவது உண்மையைச் சொல்லுங்கள் என்று உங்களிடம் எத்தனை தடவை கேட்டேன். சொல்வோம், ஆறப்போடு என்பீர்கள். மூன்று வருஷம் ஆறப்போட்டீர்கள். என் மகள் காதுகுத்துக்கு முதல் ஆளாக வந்து பந்தி பரிமாறியவரும் நீங்கள்தான். அதனால் உங்களை முழுசாக வெறுக்கவும் முடியவில்லை, அது இன்னும் எரிச்சல்.

இப்போது எந்த ரூட்டரில் கை வைத்தாலும் முதலில் நகல் எடுக்கிறேன், இரண்டு இடத்தில் பத்திரப்படுத்துகிறேன். போன வாரம் எம்.ரெட்டியபட்டியில், அன்று வரிசையில் நின்ற சம்சாரி ஒருவரைப் பார்த்தேன். மனசு கேட்காமல் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் கையை உயர்த்தி நிறுத்திவிட்டார்.

"செத்த மனுசன் மேல பழி போடாதீக. அவுக தங்கமான ஆளு."

தங்கமாகவே போய்விட்டீர்கள், அண்ணாச்சி. காப்பீட்டைக் கெடுத்தவன் என்ற பெயரோடு நான் இந்த ஊரில்தான் இருக்கிறேன்.