மந்திரகோடி

அன்பு மகள் ஜின்ஸிக்கு,

நாளை பாலா டவுனில் விவாகரத்து வக்கீலை முதல் தடவையாகப் பார்க்கப் போகிறேன். சர்ச்சில் தந்த கல்யாணச் சான்றிதழ் வேண்டுமாம். பெட்டியைத் திறந்தேன், அது மந்திரகோடிக்கு அடியில் இருந்தது. தாலி கட்டியதும் உன் அப்பச்சன் என் தலையில் போட்ட பட்டுப்புடவை. என் சவப்பெட்டிக்கென்று முப்பது வருஷமாக மடிப்புக் கலையாமல் கிடக்கிறது.

"அதை உள்ள வைடி. நீ செத்தா எதைப் போர்த்தி அனுப்புறது?" என்றார் அவர்.

"என்னை அனுப்ப அவ்வளவு அவசரமா?" என்றேன்.

ஒடிந்த கை இப்போது தேவலை. குளியலறையில் வழுக்கி விழுந்ததாகத்தானே உன்னிடம் சொன்னேன்? வக்கீலிடம் அப்படிச் சொல்லப் போவதில்லை.

நாளை மந்திரகோடியைத்தான் கட்டிக்கொண்டு போகிறேன். ஒரு கையால் கொசுவம் வைக்கப் பழகிவிட்டேன். என்னைப் புதைக்கும்போது ஒரு பழைய நைட்டி போதும்.

உன் அம்மச்சி